தள்ளிப்போடும் சொல்

(இணையவழி இலக்கியச் சந்திப்பு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

டொரண்டோவில் காலைக் காபியோடும் சிட்னியில் தூக்கக் கண்களோடும் இணைந்திருக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. நான் எழுத்தாளன் இல்லை. இங்கிலாந்தில் 18 ஆண்டுகளாக அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன். ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டபோது, "உங்கள் வேலையில் நீங்கள் செய்யவே விரும்பாதது எது? அதைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார். இரத்தம், சீழ், வாந்தி, குடித்துவிட்டு வந்து கை ஓங்குகிறவர்கள் என்று நான் பட்டியல் போடுவேன் என எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். பழகாத வேலைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கத்தியால் செய்வது. மற்றது வாயால் செய்வது.

இலக்கியச் சந்திப்பு என்பதால் ஒரு எழுத்தாளரிடமிருந்தே தொடங்குகிறேன். 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்' நாவலை எழுதிய மிகயீல் புல்ககோவை உங்களுக்குத் தெரியும். அவர் கீவ் நகரில் மருத்துவம் படித்தவர். 1916இல் ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில், பனி மூடிய ஒரு கிராமத்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் வேறு மருத்துவர் கிடையாது. அந்த நாட்களைப் பிறகு 1920களில் கதைகளாக எழுதினார்.

அதில் ஒரு கதையில், ஆளிச் செடியிலிருந்து நார் எடுக்கும் இயந்திரத்தில் கால் சிக்கிய பெண்ணைத் தகப்பன் தூக்கிக்கொண்டு வருகிறான். இளம் மருத்துவன் அதுவரை காலை அகற்றும் அறுவையைச் செய்ததில்லை. செய்வதைப் பார்த்ததோடு சரி. அந்தப் பெண்ணைப் பார்த்து அவன் மனதுக்குள் ஓடும் எண்ணம் என்ன தெரியுமா? இவள் சீக்கிரம் செத்துவிட்டால் நன்றாயிருக்கும், இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதுதான். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மருத்துவன் கொடுமைக்காரன் என்று தோன்றியதால் அல்ல. அதே எண்ணம் எனக்கும் வந்திருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் அச்சில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் பெண் பிழைக்கிறாள். ஒற்றைக் காலோடு ஊன்றுகோலில் வந்து, சிவப்புச் சேவல் பின்னிய துண்டு ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறாள்.

இன்னொரு கதை, 'எஃகுத் தொண்டை'. தொண்டை அடைப்பான் நோயால் மூச்சு முட்டும் சின்னக் குழந்தை. கழுத்தைத் திறந்து குழாய் வைக்க வேண்டும். தாயும் பாட்டியும் மறுக்கிறார்கள். மருத்துவன் வெளியே அவர்களை அதட்டிச் சம்மதிக்கச் சொல்கிறான்; உள்ளே நடுங்குகிறான். தன் அறைக்கு ஓடிப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருகிறான். அறுவைக்கு நடுவே உதவியாளர் மயங்கி விழுகிறார். எப்படியோ குழாய் உள்ளே போகிறது. குழந்தை மூச்சு விடுகிறது.

நான் சொன்ன கத்தி வேலை கிட்டத்தட்ட இதுதான். இன்று தொண்டை அடைப்பான் எங்கள் வாசலுக்கு வருவது மிக அரிது. ஆனால் முகம் நசுங்கியவர், ஒவ்வாமையால் தொண்டை வீங்கியவர் வருகிறார்கள். வாய்வழியே குழாய் இறங்காது. முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தாலும் போகாது. அப்போது கையில் இருப்பவை சில நிமிடங்கள்தான். குரல்வளையில் இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. விரலால் தடவினால் ஒரு சிறு பள்ளமாகத் தட்டுப்படும். அங்கே வெட்ட வேண்டும்.

எங்களில் பலர் இதை ஒருமுறைகூடச் செய்யாமலே ஓய்வு பெறுவார்கள். ஆனால் எந்த இரவில் தேவைப்படும் என்று தெரியாது. பிரிட்டனில் மயக்க மருந்து நிபுணர்களின் ராயல் கல்லூரி 2011இல் ஒரு பெரிய தேசிய ஆய்வை வெளியிட்டது. கழுத்தில் ஊசிக்குழாயைக் குத்தி மூச்சு கொடுக்கும் முயற்சிகளில் சுமார் 60 சதவீதம் தோற்றிருந்தன. ஊசி, பார்க்கக் கத்தியைவிடச் சாதுவானது. அதனால்தான் கை அதை நோக்கிப் போகிறது. 2015இல் வந்த வழிகாட்டுதல் இதை மாற்றியது. 10ஆம் எண் கத்தி, வளைந்து கொடுக்கும் நீண்ட குச்சி ஒன்று, 6ஆம் எண் குழாய். மூன்றே பொருள்கள். பதற்றத்தில் மூளை வேலை செய்யாது என்பதை ஒத்துக்கொண்டு எழுதிய வழிகாட்டுதல் அது.

ஆனால் கத்திக்கு முன்னால் இன்னொன்றையும் அது கேட்கிறது. "குழாய் போடும் முயற்சி தோற்றுவிட்டது" என்று வாய்விட்டு அறிவிக்க வேண்டும். அறையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? பிரிட்டனில் எங்கள் துறைக்கு வருகிற பலருக்கும் ஒரு கதை சொல்லித் தருவார்கள். 2005 மார்ச்சில் எலைன் ப்ரோமிலி என்ற இளம் தாய் சாதாரண சைனஸ் அறுவைக்குப் போனார். மயக்கம் கொடுத்தபின் குழாய் இறங்கவில்லை. மூத்த மருத்துவர்கள் மூன்று பேர் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தார்கள். ஒரு செவிலியர் கழுத்தைத் திறக்கும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்றும் சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை. எலைன் கண் விழிக்காமலே 13 நாட்கள் கழித்து இறந்தார். கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. யாரையும் தண்டிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. விமானத் துறையைப் போல இதிலிருந்து நீங்கள் பாடம் படியுங்கள் என்று கேட்டார். அதற்காகவே 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அந்த அறையில் அறிவு இல்லாமல் இல்லை. கருவி இல்லாமல் இல்லை. 'முடியவில்லை' என்ற சொல்தான் இல்லை. கத்தி எடுக்கும் வேலையிலும் முதலில் தள்ளிப்போவது ஒரு சொல்தான்.

இப்போது இரண்டாவது வேலைக்கு வருகிறேன். ஒருவர் இறந்ததை அவர் வீட்டாரிடம் சொல்வது.

அவசரப் பிரிவில் இது வார்டில் நடப்பதைப் போல இல்லை. அங்கே பல நாள் பழக்கம் இருக்கும். இங்கே அவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. காலையில் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனவர் அவர். நான் முதல் வாக்கியத்தைச் சொல்லும்வரை, அந்த அறையில் அவர் உயிரோடு இருக்கிறார்.

2005இல் அமெரிக்காவில் அவசர மருத்துவப் பயிற்சியாளர்களுக்காக ஒரு முறையை வகுத்தார்கள். துக்கம் என்று பொருள்படும் 'கிரீவிங்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி. எல்லோரையும் ஒன்றுசேர், உன்னை அறிமுகம் செய், நடந்ததைச் சுருக்கமாகச் சொல் என்று போய், 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே பயன்படுத்து என்கிறது. சுற்றி வளைக்காதே. அந்தப் படிக்கு அடுத்து, எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெற்றிடத்தைக் கோடு போட்டு விட்டிருக்கிறார்கள். அதன் பொருள், இப்போது பேசாதே என்பது. மௌனத்தையும் எழுத்துக்கூட்டி வைத்திருப்பதைப் பார்த்தபோது, இதை வகுத்தவர்கள் அந்த அறையில் நிறைய நின்றிருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் சரி. தமிழில் எந்தச் சொல்?

நன்னூல் படித்தவர்களுக்குத் தகுதி வழக்கு நினைவிருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பது மங்கலம். நம்மிடம் இந்த மங்கலத்துக்குப் பஞ்சமே இல்லை. காலமானார், தவறிவிட்டார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவபதம் அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மௌத்தானார். எல்லாம் அழகான சொற்கள். செய்தி தெரிந்த பிறகு துக்கத்தைப் போர்த்திவிடும் சொற்கள். செய்தியைத் தெரிவிப்பதற்கு அவற்றை எடுத்தால்தான் சிக்கல். மருத்துவமனையில் நாங்கள் மங்கலத்தோடு குழூஉக்குறியையும் கலந்துவிடுவோம். "ரிதம் திரும்பவில்லை" என்போம். கேட்பவர் "சரி, எப்போது திரும்பும்?" என்பார்.

இனி நான் சொல்வதில் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தவறு என்னுடையது, அதை மாற்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பணி. மாரடைப்போடு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பக்கத்துத் தடுப்பில் வேறொரு நோயாளியோடு இருந்த எனக்கு அது தெரியும். அவர் பிழைக்கவில்லை என்பதும் தெரியும். அந்த இரவில் ஏற்கெனவே இரண்டு குடும்பங்களிடம் நான் சொல்லியிருந்தேன். மூன்றாவதாக, அதுவும் என் மொழியில், சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த வேலையை நீட்டினேன். தைக்க வேண்டிய நாலு தையலை மிக மெதுவாகத் தைத்தேன்.

என் இளைய சக மருத்துவர் உள்ளே போனார். ஆங்கிலத்தில் மென்மையாகச் சொல்கிறோம் என்று நினைத்து, 'அவரை இழந்துவிட்டோம்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. கூட இருந்தது பேரன். 13 வயது இருக்கும், இங்கேயே பிறந்தவன். அவன் அந்த வாக்கியத்தை அப்படியே தமிழாக்கினான்.

"அம்மம்மா, தாத்தாவைத் தொலைச்சிட்டினமாம்."

அந்த அம்மா அறையை விட்டு வெளியே வந்து தேடத் தொடங்கினார். தடுப்புத் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் திரையையும் விலக்கினார். என் முகத்தைப் பார்த்ததும், "தம்பி, நீங்கள் தமிழோ? இவன் என்ன சொல்லுறான் எண்டு எனக்கு விளங்கேல்லை. அவர் எங்க போவார்? அவருக்கு நடக்கவே ஏலாது" என்றார்.

நான் ஊசியைக் கீழே வைத்தேன். அறைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்து, நானும் உட்கார்ந்து சொன்னேன்: "அம்மா, ஐயாவோட இதயம் நின்னுபோச்சு. நாங்க எவ்வளவோ முயற்சி செஞ்சோம். ஐயா இறந்துட்டாரு." பிறகு பேசவில்லை. அந்த வெற்றிடக் கோடு எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நாம் தள்ளிப்போடும் வேலை காணாமல் போவதில்லை. அது அங்கே இருப்பவர்களில் மிகவும் வலுவில்லாதவரின் தலையில் போய் இறங்குகிறது. எலைனின் அறையில் அது மயங்கிக் கிடந்தவர் மேல் இறங்கியது. என் அறையில் 13 வயதுப் பையன் மேல் இறங்கியது.

இது மருத்துவர்களுக்கு மட்டுமான சங்கதி இல்லை. கடல் தாண்டி இருக்கும் நம் எல்லோருக்கும் அந்த நடுராத்திரித் தொலைபேசி தெரியும். "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா." எனக்கும் வந்தது. விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல், அப்பாவுக்கு என்ன மருந்து கொடுத்திருப்பார்கள், யாரைக் கூப்பிட்டு எங்கே மாற்றலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். எங்கள் தெருமுனையில் போட்டிருந்த சாமியானாதான் எனக்குச் செய்தி சொன்னது. என் சித்தப்பா அன்பால்தான் அப்படிச் செய்தார். ஆனால் அழுதுகொண்டு போக வேண்டிய பயணத்தை நான் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். அந்த மணி நேரங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

இப்போது பணிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் இரண்டையும் பயிற்சி செய்யச் சொல்கிறேன். பொம்மைக் கழுத்தில் கத்தி வைப்பது ஒன்று. காலி அறையில் நாற்காலியைப் பார்த்து, 'இறந்துவிட்டார்' என்று உரக்கச் சொல்வது மற்றொன்று. முதலில் சிரிப்பார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் மாறிவிடும்.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரிட்டனில் அரசு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்களும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை நடுவில் நிறுத்தாதீர்கள்.

அன்று விடிகாலையில் அந்தப் பையன் வாசலில் நின்றிருந்தான். "அங்கிள், நான் பிழையாச் சொல்லிட்டனோ?" என்று கேட்டான்.

"இல்லப்பா. நீ சரியாத்தான் சொன்ன. நாங்கதான் பிழையாச் சொல்லிட்டோம்" என்றேன்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.