கல்லில் எழுதிய தீர்ப்பு
(அப்புத்தளையில் ஆற்றிய உரை)



நமது ஊவா மாகாணத்தில் இருந்து மறைந்துபோன ஓர் ஊரைப்பற்றி இன்று பேச விழைகின்றோம். மகியங்கனைக்கு அருகே, சொரபொர வாவிப் பக்கத்தில், 10ஆம் நூற்றாண்டில் ஒபிட்டிகம என்றொரு சந்தையூர் இருந்தது. அச்சந்தை இன்றில்லை. அதன் சாட்சியாக எஞ்சியது ஒரு கற்றூண். 1857இல் ஜோன் பெய்லி என்னும் அதிகாரி அதனைக் கண்டெடுத்தார். பதுளைக்குக் கொண்டுவரப்பட்டதால் ‘பதுளைத் தூண் கல்வெட்டு’ எனப் பெயர் பெற்றது.

அச்சிங்களக் கல்வெட்டு கூறுவது யாது? உதயன் என்னும் மன்னன் மகியங்கனை விகாரைக்கு வந்தபோது, அவ்வூர் வணிகரும் குடிகளும் ஒன்றாகச் சென்று முறையிட்டனர். முன்னைய மன்னன் வகுத்த விதியை மீறி, அதிகாரிகள் முறையற்ற வரி தண்டுகின்றனர் என்றனர். மன்னன் செவிசாய்த்தான். ஊரில் விற்கும் பொருளுக்கன்றி, ஊரைக் கடந்து செல்லும் பொருளுக்குச் சுங்கம் கொள்ளலாகாது. அங்கீகாரமற்ற நிறையும் அளவும் வழங்கலாகாது என விதித்தான். அவை கல்லில் வெட்டப்பட்டன.

அதே நூற்றாண்டில் தமிழகத்தின் உத்தரமேரூரிலும் சபை விதிகள் கல்லேறின. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமர முடியாது என்கின்றன. மொழி வேறு, அரசு வேறு. எனினும், அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் விதி யாவரும் அறிய எழுதப்பட வேண்டும் என்பதில் ஈரூரும் ஒன்றே.

எழுத்தின் வலிமையை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? 1948இல் ஒரு சட்டம் நம்மவரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003இல் மற்றொரு சட்டம் குடியுரிமை அளித்தது. ஆயினும் லயத்தில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் கையில் காணி உறுதி இன்னும் இல்லை. கொழுந்து மடுவத்துத் தராசில் கழிக்கப்படும் கிலோவுக்கும், சந்தையில் மரக்கறி மூட்டைக்குக் கழிக்கப்படும் கிலோவுக்கும் கணக்குக் கேட்டால், வாய்ச்சொல்லே பதிலாகக் கிடைக்கின்றது.

ஆகவே நாம் தனித்தனியே முணுமுணுத்துப் பயனில்லை. தோட்டத் தொழிலாளரும், தமிழ், சிங்கள விவசாயிகளும் ஒன்றாகச் சென்று கேட்போம். கழிவின் அளவு ஒவ்வொரு மடுவத்திலும், ஒவ்வொரு சந்தையிலும் இரு மொழியிலும் எழுதித் தொங்கவிடப்படட்டும். வீட்டுக் காணிக்கு உறுதி எழுதித் தரப்படட்டும். படித்த நண்பர்களே, அம்மனுவை எழுதும் பணி உங்களுடையது. அதைக் கொண்டுசெல்லும் பணி நம் எல்லோருடையதும் ஆகும்.