ஸ்கேன் படத்தைத் தெளிவாக்கும் வடிகட்டிகள்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படம், உடலுக்குள் போய்த் திரும்பும் ஒலியின் எதிரொலியால் உருவாவது. தனுவச்சபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் கர்ப்பிணிக்கும், வயிற்றுவலியோடு வருபவருக்கும், கழுத்தில் தைராய்டு கட்டி உள்ளவருக்கும் டாக்டர் எழுதித் தரும் முதல் சோதனைகளில் இது ஒன்று.

ஜெல் தடவிய வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோப், சுமார் 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே அனுப்புகிறது. 10 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்புவதற்குள் ஒலி ஏறத்தாழ 35 டெசிபல் தேய்ந்துவிடும். ஆற்றலில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த மெல்லிய எதிரொலியோடு கருவியின் மின் இரைச்சலும் கலக்கிறது.

முதல் வடிகட்டல் இங்கேதான். அனுப்பிய அதிர்வெண்ணை ஒட்டிய பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கருவி தள்ளிவிடுகிறது. ஹார்மோனிக் முறையில், 2 மெகாஹெர்ட்ஸில் அனுப்பி, திசுக்களில் உண்டாகும் 4 மெகாஹெர்ட்ஸ் எதிரொலியை மட்டும் பிரித்தெடுப்பார்கள். பருமனான உடலிலும் படம் தெளிவாக வர இது உதவுகிறது.

அடுத்த தொல்லை ஸ்பெக்கிள் எனப்படும் புள்ளிகள். அலைநீளத்தைவிடச் சிறிய திசுத் துகள்களிலிருந்து சிதறும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், ஒரே சீரான ஈரல்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. இதற்கான எளிய கருவி இடைநிலை வடிகட்டி. பக்கத்துப் பக்கத்து ஒன்பது பிக்சல்களின் மதிப்பு 40, 42, 45, 41, 200, 43, 44, 39, 42 என்றிருந்தால், சராசரி ஏறத்தாழ 60 ஆகிவிடும். வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் 42. தனித்த 200 மறைந்துவிடுகிறது, சுற்றுப்புறம் கெடவில்லை.

1980இல் ஜோங்-சென் லீ வகுத்த வடிகட்டி, மதிப்புகள் சீராக உள்ள இடத்தில் மட்டும் மழுக்கி, ஏற்ற இறக்கம் மிகுந்த விளிம்புகளை விட்டுவிடுகிறது. 2002இல் யூ, ஆக்டன் இருவரும் இதே நோக்கில் ஸ்பெக்கிளைக் குறைக்கும் பரவல் முறையை வெளியிட்டார்கள். எதிரொலி சிக்னலிலிருந்தே தெளிவான படம் உருவாக்கும் ஆய்வு பாலக்காடு ஐ.ஐ.டி.யிலும் நடந்துள்ளது.

ஆனால் அளவு மீறி வடிகட்டினால் ஆபத்து. தைராய்டு கட்டியில் ஊசிமுனை அளவு படியும் சுண்ணாம்புப் புள்ளி புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். வடிகட்டி அதையும் இரைச்சல் என்று அழித்துவிடக்கூடும். பித்தப்பைக் கல்லின் பின்னே விழும் நிழலும் நோயைக் காட்டும் தடயமே. ஆகவே வடிகட்டிய படத்தோடு மூலப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். ப்ரோப் பிடிக்காததை எந்த வடிகட்டியாலும் உண்டாக்க முடியாது.