விறகு வாயுவும் ஹோசஹள்ளியின் கணக்கும்



இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் அரிதானபோது, சென்னை மாகாணத்துப் பஸ்கள் கரி உலையைச் சுமந்துகொண்டு ஓடியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யுத்தம் முடிந்து எண்ணெய் தாராளமாகக் கிடைத்ததும் அவ்வுலைகள் கழற்றப்பட்டன. அவற்றின் தத்துவத்திலே பழுதில்லை.

விறகு போதிய காற்றில் எரிந்தால் உஷ்ணமும் சாம்பலுமே மிச்சம். மூடிய உலையில் காற்றைக் குறைத்து விட்டாலோ, அது அரைகுறையாக எரிந்து, கார்பன் மொனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த ஒரு வாயுவாக மாறுகிறது. ஏறக்குறையப் பாதி நைட்ரஜனாதலின் இது வலிமை குறைந்த வாயுவே. எனினும் குளிரச் செய்து, தாரும் தூசியும் நீக்கி அனுப்பினால் டீஸல் எஞ்சின் இதைக்கொண்டு ஓடும். பற்றவைக்கச் சிறிது டீஸல் போதும்.

கர்நாடகத்துத் தும்கூர் ஜில்லாவில் ஹோசஹள்ளி என்னும் சிற்றூர் உளது. அப்போது சுமார் 35 குடும்பங்கள்; மின்சாரக் கம்பி எட்டாதிருந்த ஊர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988-ஆம் ஆண்டில் அங்கே இத்தகைய உலையை நிறுவினர். முதலில் சிறு எஞ்சின். பின்னர் 20 கிலோவாட் எஞ்சின். விளக்கும் குழாய்க் குடிநீரும் கிடைத்தன. மாவு அரைவையும் பாசனமும் சேர்ந்தன. பதினான்கு வருஷங்களுக்கு மேல் நடந்த இம்முயற்சியின் கணக்கு 2004-இல் வெளியாயிற்று. சங்கத்தார் ஊன்றிப் பார்க்கத்தக்க பகுதி அதுவே.

எஞ்சின் 5 கிலோவாட் சுமையில் ஓடியபோது எரிபொருளும் நடத்தலும் பராமரிப்பும் சேர்ந்து யூனிட்டுக்கு 5 ரூபாய் 85 பைசா ஆயிற்று. 20 கிலோவாட் சுமையிலோ 3 ரூபாய் 34 பைசாதான். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், முன்னதில் 20 யூனிட்டுக்கு 117 ரூபாய். பின்னதில் 80 யூனிட்டுக்கு 267 ரூபாய் சொச்சம். மின்சாரம் நான்கு மடங்கு, செலவு இரண்டேகால் மடங்கே! உலையைக் காப்பவனுடைய கூலி, விளக்கு மட்டும் எரிந்தாலும் மாவு மில் சேர்ந்து ஓடினாலும் ஒன்றுதானே. ஆகவே விளக்குக்கென்று மட்டும் எஞ்சின் வாங்கும் சங்கம் நஷ்டத்தையே வாங்குகிறது. பகலில் அரைவைக்கும் பம்புக்கும் எத்தனை வீட்டார் பணம் தருவர் என்பதை முதலில் எழுதி வாங்குதல் வேண்டும்.

விறகு விஷயத்தில் சோம்பல் உதவாது. சிறு துண்டுகளாக வெட்டி நன்கு உலர்த்த வேண்டும். ஈர விறகிட்டால் தார் மிகுந்து எஞ்சின் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். மழைக் காலத்துக்குரிய விறகைக் கோடையிலேயே கூரையின்கீழ் அடுக்கி வைக்காத ஊர், ஐப்பசியில் இருட்டில் இருக்கும்.

கார்பன் மொனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது உயிரைக் கொல்லும். எஞ்சின் வாயுவை இழுக்கும்போது கசிவு உள்நோக்கியதாகவே இருக்கும். உலையை மூட்டும்போதும் நிறுத்தும்போதுமே அபாயம் அதிகம். ஆதலால் கொட்டகை நாற்புறமும் திறந்திருக்க வேண்டும். இரவில் எவரும் அங்கே படுத்துறங்கலாகாது. வாயுவைக் கழுவிய கறுப்பு நீரைக் குடிதண்ணீர்க் கிணற்றுப் பக்கம் விடாமல், அதற்கெனச் சிமெண்டுத் தொட்டி கட்டித் தேக்க வேண்டும். அத்தொட்டியின் செலவும் ஆரம்ப மதிப்பீட்டிலேயே சேரவேண்டியதாம்.