கிண்ணக் கேக்கும் தோட்டத்து வண்ணமும்

மாத்தளை நகரைக் கடந்து, நாலந்தை வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் வீதியின் இரு மருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் உள்ளன. சாதிக்காயையும் ஏலத்தையும் கறுவாவையும் வனிலாக் கொடியையும் காண வேற்று நாட்டார் அங்கே இறங்குகின்றனர். அயல் வீடுகளிலோ, பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கிண்ணக் கேக் சுடும் தாய், பெரும்பாலும் நிறத்துக்கு ஒரு குப்பியும் மணத்துக்கு ஒரு குப்பியுமாகக் கடையில் வாங்கி வருகிறாள்.

சிறு கிண்ணங்களிற் சுடும் கேக் பற்றிய குறிப்பு, 1796ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலிலேயே உண்டு. செய்முறை கடினமானதன்று. வெண்ணெய், சீனி, கோதுமை மா வகைக்கு 225 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. வெண்ணெயும் சீனியும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அரித்த மாவை மெல்லக் கலந்து, காகிதக் கிண்ணங்களில் அரைக்குச் சற்று மேலாக வார்த்து, 180 பாகைச் சூட்டில் 20 நிமிடம் அளவில் வைத்தெடுத்தால் 24 கேக்குகள் வரை கிடைக்கும்.

நிறந்தான் சிக்கலானது. அனுமதிக்கப்பட்ட உணவு நிறங்கள் எல்லாம் நஞ்சு என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் தமிழ்நாட்டிற் பஞ்சு மிட்டாய் விற்பனை தடைசெய்யப்பட்டதை நேயர்கள் அறிந்திருப்பர். துணிக்கும் காகிதத்துக்கும் ஊட்டப்படும் ரோடமின்-பி என்னும் சாயமே அம்மிட்டாயின் இளஞ்சிவப்புக்குக் காரணமாயிருந்தது. பெயரும் விபரமும் அச்சிடப்படாத குப்பியையோ, சரையிற் கட்டித் தரும் பொடியையோ வாங்குபவளுக்கு உள்ளே இருப்பது எது என்று அறிய வழியில்லை. வீட்டிற் சுட்டு அயலாருக்கு விற்றுக் குடும்பச் செலவை ஈடுசெய்யும் பெண்ணுக்கு இது இரட்டைக் கவலை. உண்பவை பிறர் பிள்ளைகள் அன்றோ!

தோட்டத்து நிறங்கள் குப்பி நிறங்களைப்போல் அடங்கி நடப்பவை அல்ல. ஒவ்வொன்றின் குணத்தையும் அறிந்து பழக வேண்டும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் நீர் சிவப்பதை ஆலாத்தித் தட்டிற் காணாதவர் யார்? அப்பச்சோடாவும் காரத்தன்மை உடையதே. எனவே சோடா மிகுந்த கலவையில் மஞ்சள் பொன்னிறம் தராது, செம்மண் நிறத்துக்கே திரும்பிவிடும். காரமும் புளிப்பும் சமமாய் அமைந்த பேக்கிங் பவுடரோடு, ஒரு சிட்டிகை மஞ்சள் இசைந்து போகும். ரம்பை இலையை இடித்துப் பிழிந்த சாறு இதற்கு நேர்மாறானது. புளிப்புப் பட்டால் பச்சை மங்கும், சிறிது சோடா இருந்தால் நிலைக்கும். அதன் மணமும் நமக்குப் பழகியது.

பீற்றூட்டின் சிவப்பு போறணைச் சூட்டைத் தாங்காது. கேக்கினுள் கலந்தால் பழுப்பே மிஞ்சும். ஆறிய கேக்கின்மேற் பூசும் ஐசிங்கில் சில துளி விட்டால் அழகிய இளஞ்சிவப்பு. வேலியிற் படரும் சங்குப்பூவும் அவ்வாறே. பத்துப் பூவைச் சிறிது வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீரில் ஐசிங் சீனியைக் குழைத்தால் நீலம். அதிலேயே தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி விட, கண்ணெதிரே ஊதாவாகும். பிள்ளைகள் கேக்கைக்கூட மறந்து அதையே பார்த்து நிற்பர்!

மணத்தின் கதை வேறு. வனிலா, மெக்சிக்கோவிலிருந்து வந்த ஓர்க்கிட் இனக் கொடி. அதன் பூ ஒரு நாளிற் சில மணி நேரமே விரிந்திருக்கும். அதற்குள் மனிதர் கைதான் மகரந்தத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். 1841ஆம் ஆண்டில் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுகாட்டிய எளிய முறையே இன்றும் கையாளப்படுகிறது. பறித்த பச்சைக் காயில் மணமில்லை. வாட்டி, வியர்க்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தியபின்னரே மணம் பிறக்கும். இத்தனை உழைப்பாற்றான் அதன் விலை ஏறுகிறது. 1874ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வனிலின் செயற்கையாக ஆக்கப்பட்டபின் குப்பி மணம் மலிந்தது. எனினும் பதப்படுத்திய காய் ஒன்றைக் கீறி, சீனிப் போத்தலிற் புதைத்து, இரண்டு வாரம் மூடிவைத்தால் சீனி முழுவதும் மணக்கும். எடுத்த அளவுக்குப் புதிய சீனியை இட்டுக்கொண்டே வந்தால், அந்த ஒரு காய் பல மாதங்களுக்குப் போதும்.