மறுபடியும் வந்தவர்கள்

(சேவைச் சங்கங்களும் சமூக நலமும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவரை இந்த ஊர் 'உரக்கடை ஐயா' என்றுதான் அறியும். அவர் எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்தின் தலைவராக இருந்த ஆண்டில் நான் செயலாளர். பள்ளி ஆசிரியன் என்பதால் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஐயாவோ தனக்கென்று வேறொரு நோட்டு வைத்திருந்தார். விவசாயிகள் கடனுக்கு வாங்கிப் போகும் யூரியா மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுவாரே, அதே நீள நோட்டு. அதில் கோடு போட்டு, கண் சிகிச்சை முகாமுக்கு வந்தவர்களின் பெயர், ஊர், எந்தக் கண், ஆபரேஷன் தேதி என்று எழுதிவைப்பார். கடைசிப் பத்திக்கு அவர் இட்டிருந்த தலைப்பு: 'மறுபடி பார்த்தாச்சா?'

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். முகாமுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தத் தேதி மறந்துபோகும். ஐயா டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஒருமுறை நான் பின்னால் உட்கார்ந்து போனேன். திண்ணையில் இருந்த பாட்டி, "ஏன் சாமி, எதுனா பணம் கட்டணுமா?" என்று பதறினார். ஐயா சிரித்தபடி, "நீ கட்ட வேண்டாம் ஆத்தா. உன் கண்ணை மறுபடி பார்க்கிற வரைக்கும் நாங்கதான் உனக்குப் பாக்கி" என்றார்.

நான் இன்று சொல்ல வந்தது 'மறுபடி' என்ற இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். நோயை ஒழிப்பதிலும், இடிந்த வீட்டைத் தூக்கி நிறுத்துவதிலும், பகைத்தவர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பதிலும் சேவைச் சங்கங்கள் எங்கே வென்றனவோ, அங்கெல்லாம் அவை மறுபடியும் போயிருக்கின்றன. எங்கே தோற்றனவோ, அங்கே ஒருமுறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கின்றன.

நான்கு பேர் தொடங்கியது

1905 பிப்ரவரி 23. சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடைக்காரர் என நான்கு பேர் கூடினார்கள். பெருநகரில் தனித்துப்போன மனிதர்களுக்கு நட்பு தேவைப்பட்டது. ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் முறைவைத்து நடந்ததால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. 'சுழற்சங்கம்' என்று நம்மவர்கள் மொழிபெயர்த்தது எவ்வளவு பொருத்தம்! 1907இல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுப்பணி, நகருக்குப் பொதுக் கழிப்பறை கட்டச் சொல்லிப் போராடியது. 1917இல் அதே சிகாகோவைச் சேர்ந்த காப்பீட்டுத் தொழில்செய்த மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் லயன்ஸ், அதாவது நம் அரிமா சங்கம், உருவானது. சென்னை ரோட்டரி சங்கம் 1929இல் தொடங்கியது.

ஊரில் உரக்கடைக்காரர், டாக்டர், வக்கீல், லாரி வைத்திருப்பவர், அச்சகக்காரர், வாத்தியார் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி வாரந்தோறும் உட்காருவது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஓர் அவசரம் வரும்போது யாரிடம் வண்டி இருக்கிறது, யாரிடம் மண்டபச் சாவி இருக்கிறது, தாசில்தாரிடம் யார் பேசலாம் என்பது அந்த மேசைக்குத் தெரியும். பல நாள் பழக்கத்தால்தான் அது தெரியவரும்.

கண்ணொளி

1925இல் ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயிண்டில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். கண்ணும் செவியும் இழந்த அந்தப் பெண்மணி, பார்வையற்றோருக்காக முன்னிற்கும் வீரர்களாக அரிமாக்கள் மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை அரிமா சங்கம் இன்றுவரை தன் முதற்கடமையாக வைத்திருக்கிறது.

அதன் பயனை நம் தமிழ்நாட்டில் கண்கூடாகப் பார்க்கலாம். 1976இல் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் முகாம்களில் ஓர் அழகான பங்கீடு உண்டு. மருத்துவர்களும் கருவிகளும் மருத்துவமனை பொறுப்பு. இடம், விளம்பரம், தண்டோரா, வருகிறவர்களுக்கு வேண்டிய ஏற்பாடு எல்லாம் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு. புரை விழுந்த முதியவர் ஏன் வரவில்லை என்று விசாரித்தால், சிகிச்சைக் கட்டணம் மட்டும் காரணமாக இருக்காது. பஸ்ஸுக்குக் காசில்லை, கூட வர ஆளில்லை, இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வழியில்லை, பயம். ஆகவே முகாமில் பரிசோதித்து, வண்டியிலேயே ஏற்றிப் போய், தங்கவைத்து, சோறு போட்டு, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து இறக்குவது என்று முறை வளர்ந்தது. பின்னர் 1992இல் அரிமா சங்கத்தின் உதவியோடு மதுரையில் லயன்ஸ் அரவிந்த் சமூகக் கண் மருத்துவ நிறுவனம் ஏற்பட்டு, பிற ஊர், பிற நாட்டு மருத்துவமனைகளுக்கும் இந்த முறையைக் கற்பிக்கத் தொடங்கியது.

இரண்டு சொட்டு

சங்கங்களின் வரலாற்றில் தனி அத்தியாயம் போலியோ. 1979இல் பிலிப்பைன்ஸில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி ஏற்றது. 1985இல் உலகம் முழுவதற்கும் என்று அதை விரித்தது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 1988க்குள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், 24 கோடியே 70 லட்சம் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டுதான் உலக சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிப்பதென்று தீர்மானித்தது. அன்றைய கணக்கில் 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, இந்த நோய் முடக்கிக்கொண்டிருந்தது.

இதில் நம் வேலூருக்கு ஓர் இடம் இருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான், மேலை நாடுகளில் மூன்று தவணையில் காக்கும் சொட்டு மருந்து நம் குழந்தைகளை அதே அளவுக்குக் காப்பதில்லை என்று ஆராய்ந்து சொன்னவர். ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும், அதையும் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. 'பல்ஸ்' என்று அவர் பெயரிட்ட அந்த முறையை வேலூரில் நடத்தியபோது ரோட்டரி சங்கம் தோள் கொடுத்தது. 1995இல் நாடு முழுவதும் பல்ஸ் போலியோ தொடங்கியது. ஆக, நம் மண்ணில் இந்த நோயை வெல்லும் வழியே மறுபடியும் போவதுதான் என்று அறிவியல் சொல்லிவிட்டது.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பல ஆண்டுகள் நான் முகாமில் நின்றிருக்கிறேன். கிராமச் சுகாதாரச் செவிலியர் கையில் நீலப் பெட்டி. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சுண்டுவிரல் உயர மருந்துக் குப்பி. அதன் லேபிளில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வெளிறியிருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டுச் சதுரமும் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக்கூடாது. குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு, இடது கைச் சுண்டுவிரலில் ஒரு மை. பஸ் கிளம்பும் அவசரத்தில் கண்டக்டரே ஜன்னல் வழியாகக் குழந்தையை வாங்கி எங்களிடம் நீட்டுவார். ஐயா வேலை செய்பவர்களுக்கு இட்லிப் பொட்டலமும் டீயும் கொண்டுவருவார். ஐஸ் தீர்ந்தால் ஐஸ் பேக்டரிக்கு ஓடுவார்.

முகாமுக்கு வராத வீடுகளைத் தேடி மறுநாள் முதல் வீதியில் இறங்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்ட வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் 'பி' என்று எழுதுவார்கள். பூட்டிய வீடு, குழந்தை வெளியூர் போன வீடு, வேண்டாம் என்று மறுத்த வீடு என்றால் 'எக்ஸ்'. அந்த 'எக்ஸ்' வீட்டுக்குத் திரும்பிப் போய், அதை 'பி' ஆக்கும் வரை வேலை முடியாது. ஐயாவின் கடைசிப் பத்தி நாடெங்கும் சுவர்களில் எழுதப்பட்டதைப்போல எனக்குத் தோன்றும்.

உத்தரப் பிரதேசத்தின் மேற்கிலும் பீகாரிலும் இந்தப் போராட்டம் மிகக் கடுமையாக இருந்தது. மருந்து மலட்டுத்தன்மை தரும் என்ற வதந்தி ஒருபுறம். "சாக்கடை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, இந்தச் சொட்டை மட்டும் ஏன் தூக்கிக்கொண்டு மறுபடி மறுபடி வருகிறீர்கள்?" என்ற நியாயமான கோபம் இன்னொருபுறம். ரோட்டரி இஸ்லாமியச் சமயப் பெரியவர்களைக் கொண்ட குழுவை அமைத்தது. அவர்கள் மக்களிடம் பேசினார்கள். பொது மருத்துவ முகாம்களும் நடந்தன. வீட்டுக்குள் அனுமதி கிடைத்தது பெரும்பாலும் பெண் பணியாளர்களுக்கே. 2009இல் நாடு முழுவதும் 741 பேரைப் பாதித்த போலியோ, 2010இல் 42 ஆனது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27 அன்று, நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசியாவுக்குப் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது. மத்திய, மாநில அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பல லட்சம் பணியாளர்களும் சேர்ந்து இழுத்த தேர் அது. வடத்தை விடாமல் பிடித்திருந்த கைகளில் சங்கத்தின் கையும் உண்டு. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நோய் இன்னும் இருப்பதால் அந்தக் கை ஓய முடியாது.

பெட்டியும் மூட்டையும்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஹெல்ஸ்டன்-லிசர்ட் என்று ஒரு சிறிய ரோட்டரி சங்கம். பேரிடரில் வீடிழந்த குடும்பத்துக்கு உடனே என்ன வேண்டும் என்று யோசித்து, கூடாரத்தையும் அத்தியாவசியப் பொருட்களையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பும் 'ஷெல்ட்டர்பாக்ஸ்' திட்டத்தை 2000இல் தொடங்கினார்கள். அதன் முதல் 143 பெட்டிகள் 2001 ஜனவரியில் நில அதிர்ச்சி தாக்கிய குஜராத்துக்கு வந்தன.

இதற்கு மாறான காட்சியை நாகப்பட்டினத்தில் பார்த்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டம் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. நாடே இரங்கியது, லாரி லாரியாகப் பொருள் வந்தது. ஆனால் சாலை ஓரமெங்கும் பழந்துணிக் குவியல். கிழிந்தவை, அழுக்கானவை, கடற்கரை மக்கள் உடுத்தவே உடுத்தாதவை. நாங்களும் நாலு மூட்டை கொண்டுபோயிருந்தோம் என்பதைத் தலைகுனிந்து சொல்கிறேன். வலையும் கட்டுமரமும் போய், ஆளும் போய் நின்ற ஓர் அம்மா, "அண்ணே, நாங்க கடல்ல பொழைச்சவங்க, கை நீட்டிப் பழக்கமில்ல. துணியை எடுத்துட்டுப் போங்க. அடுப்புக்கு ஒரு பாத்திரம் கெடைக்குமா?" என்று கேட்டார். ஐயா மூட்டையை இறக்கவே விடவில்லை. மறு வாரம் அந்தத் தெருவில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியலோடும், குண்டான், கரண்டி, ஸ்டவ்வோடும் திரும்பிப் போனோம். கொடுப்பவரிடம் மிஞ்சியதும் பெறுபவருக்கு வேண்டியதும் ஒன்றாக இருப்பதில்லை. கேட்டு வந்து, மறுபடி போனால்தான் இரண்டும் சந்திக்கும்.

ஒருநாள் அமைதி

அமைதிக்குச் சங்கங்கள் என்ன செய்ய முடியும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது, அமெரிக்கத் தூதுக்குழுவுக்கு ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட 42 அமைப்புகளில் ரோட்டரியும் ஒன்று. 2002 முதல் அமைதிக் கல்விக்காக இளைஞர்களைப் பல்கலைக்கழகங்களில் படிக்கவைக்கிறது. இவையெல்லாம் நல்ல பணிகள். ஆனால் என் மனத்தைத் தொட்டது வேறு.

எல் சல்வடார் நாட்டில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1985இல், யுனிசெஃபின் முயற்சியாலும் திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றின் தூதாலும், தடுப்பூசிக்காக மூன்று நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அடுத்த ஆண்டும் ஓய்ந்தன. 1992இல் உடன்பாடு ஏற்படும்வரை ஆண்டுதோறும் அந்த நாட்கள் வந்தன. இலங்கையிலும் 1990களின் நடுவில், போர் நடந்த மண்ணில் சொட்டு மருந்துக்காக இப்படிப்பட்ட அமைதி நாட்களைப் பெறுவதில் யுனிசெஃபோடு ரோட்டரியும் பாடுபட்டது. போரின் இரு பக்கத்திலும் இருந்த தாய்மார் ஒரே நாளில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நாள் போரை முடிக்கவில்லை. பிள்ளைகளுக்காகப் போரை நிறுத்த முடியும் என்பதை இரு தரப்புக்கும் காட்டியது.

நம் பாக்கிகள்

வெற்றிகளை மட்டும் சொன்னால் ஐயாவுக்குப் பிடிக்காது. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ம்யூனிக் ரோட்டரி சங்கம், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் தாமஸ் மானையே உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி வளைந்துகொடுத்தும் பயனில்லை. 1937இல் ஜெர்மனியில் ரோட்டரியே கலைந்தது. தன் மேசையில் இருந்தவனைக் காப்பாற்றாத சங்கம் உலக அமைதியைப் பற்றிப் பேச முடியாது. பெண்களுக்கு இந்தச் சங்கங்கள் கதவைத் திறக்க 1980களின் இறுதி ஆயிற்று. அதுவும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்ன பிறகு.

நம் ஊர் அளவிலும் பாக்கி இருக்கிறது. ஜூலை 1 அன்று புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். பொன்னாடை, மாலை, புதிய திட்டம், புதிய பேனர். அடுத்த ஜூன் 30 வந்ததும் அந்தத் திட்டம் பேனரோடு சுருண்டுவிடுகிறது. நட்ட மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, கொடுத்த தையல் இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்க ஆளில்லை. நம் நாட்டில் போலியோ ஒழிந்ததற்குக் காரணம் அது எந்தத் தனித் தலைவரின் திட்டமாகவும் இல்லாததுதான். 1985இல் தொடங்கியதை ஒவ்வொரு தலைவரும் வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்தார்.

ஆகவே இந்த மேடையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஐயாவின் நோட்டை அவர் குடும்பத்தார் என்னிடம் தந்திருக்கிறார்கள். அதில் கடைசிப் பத்தி காலியாக ஏழு பெயர்கள் இருக்கின்றன. உடல்நலம் கெட்டுக் கடைக்கே வர முடியாமல் போன மாதங்களில் எழுதியவை. இந்த நோட்டைச் சங்கத்திடம் இப்போது ஒப்படைக்கிறேன். இனி ஒவ்வொரு ஜூலை முதல் நாளும், புதிய தலைவர் உறுதிமொழி எடுப்பதற்கு முன்னால், போன ஆண்டின் பாக்கியைச் சபையில் வாசிக்க வேண்டும். பாக்கியை வாசித்த பிறகு பொன்னாடை போர்த்தலாம்.

அந்த ஏழு பேரின் ஊர்களுக்கும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிளம்புகிறேன். வண்டியில் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. மாணவர் யாராவது வரலாம்.