ஆஸ்பத்திரி யார் பணத்தில் நடக்கிறது?



1992ஆம் ஆண்டு. மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போதிய வசதி இல்லை. கொல்கத்தாவில் பல அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போனார்கள். “படுக்கை காலி இல்லை” என்றார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 17,000 ரூபாய் செலவானது.

அவரும் அவருடைய சங்கமும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996இல் தீர்ப்பு வந்தது. உயிரைக் காப்பது அரசின் கடமை. பணம் இல்லை என்று அரசு தட்டிக் கழிக்கக் கூடாது. அவருக்கு 25,000 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும். இதுதான் தீர்ப்பு.

அரசு ஆஸ்பத்திரி யார் பணத்தில் நடக்கிறது? மக்களின் வரிப் பணத்தில்தான். சோப்பு வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறார்.

நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு இரண்டரை ரூபாயை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். 2025க்குள் இதை எட்ட வேண்டும் என்று 2017இல் மத்திய அரசு கொள்கை வகுத்தது. ஆனால் எட்டவில்லை.

மருந்து இல்லையா? டாக்டர் இல்லையா? “ஏன் இல்லை?” என்று கிராம சபையில் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி தருவது தருமம் அல்ல. அது மக்களின் உரிமை.