அலுமினிய வண்டிக்குத் துரு பிடிக்காதாம்!

இந்த வாரம் கோடிங் பத்திப் பேசப் போறதில்ல. ஒரு கார் பாக்கப் போன கதை.

எங்க பெரியம்மா வீடு வடசேரில. பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், துபாய்ல ஒன்பது வருஷம் வேலை பாத்துட்டு ஊரோட வந்துட்டார். சின்ன வயசுலருந்தே ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. புதுசு நம்ம கைக்கு எட்டாது. கேரளாவுல கடலோரமா ஓடின 2012 மாடல் ஆடி டிடி ஒண்ணு 16 லட்சத்துக்கு வருதுன்னு கேள்விப்பட்டு, 50,000 ரூபா அட்வான்ஸும் குடுத்துட்டார். அதுக்கப்புறம்தான் எனக்குப் போன்.

"மக்கா, நீ இன்ஜினியர்தானடே, வந்து ஒரு நோட்டம் பாரு."

நான் எழுதுறது பேமென்ட் ஆப்புக்கு பேக்எண்ட். ஆனா நம்ம குடும்பங்கள்ல இன்ஜினியர்னா மிக்சிலருந்து மோட்டார் வரைக்கும் இன்ஜினியர்தான்.

"கடல் காத்துல ஓடின வண்டியாச்சே அண்ணே"ன்னேன். "அலுமினிய பாடிடே, துரு பிடிக்காது"ன்னார். சிவப்புத் துரு பிடிக்காது, அது வாஸ்தவம். ஆனா ராத்திரி முழுக்க அலுமினியச் சட்டில புளி ஊத்தின மீன் குழம்ப வெச்சா எங்க அம்மா ஏன் சத்தம் போடுறாங்க? மறுநாள் சட்டிக்குள்ள பொடிப்பொடியாக் குழி இருக்கும். அலுமினியத்து மேல காத்து பட்டதும் ரொம்ப மெல்லிசா ஒரு ஆக்சைடு படலம் உருவாகும். அதுதான் அதுக்குக் கவசம். உப்புல இருக்க குளோரைடு அந்தக் கவசத்தத் துளைக்கும்.

டிடில இன்னொரு சங்கதி உண்டு. அது முழு அலுமினிய வண்டி கிடையாது. 2006ல வந்த ரெண்டாம் தலைமுறை டிடியோட பாடி 206 கிலோ. அதுல 140 கிலோ அலுமினியம், 66 கிலோ இரும்பு. முன்பக்கமும் சைடு ஃப்ரேமும் அலுமினியம். கதவு, டிக்கி மூடி, பின்பக்கத் தரை எல்லாம் இரும்பு. ரெண்டு உலோகம் தொட்டுக்கிட்டு இருக்க இடத்துல உப்புத் தண்ணி நின்னா அங்க ஒரு குட்டி பேட்டரி உருவாகிடும். அதுல கரையுறது அலுமினியம். இரும்பு தப்பிச்சிரும்.

இது புதுப் பிரச்சனை இல்ல. நியூயார்க் சுதந்திர தேவி சிலைல வெளியில செப்புத் தகடு, உள்ள இரும்புச் சட்டம். நடுவுல வெச்ச காப்பு கெட்டுப்போய், செம்புகிட்ட இரும்பு தோத்துச்சு. 1980கள்ல அந்தப் பட்டைகள எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டாங்க. கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரியும். அதனால ரிவெட், பசை, சீலர்னு போட்டு ரெண்டும் நேராத் தொடாமத்தான் வெச்சிருப்பாங்க. அந்தக் காப்ப அப்புறம் யாராவது கெடுத்திருக்காங்களான்னுதான் நாம பாக்கணும்.

ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினோம். கையில ஒரு காந்தம், ஒரு டார்ச், வாடகைக்கு எடுத்த பெயிண்ட் கேஜ். காந்தம் போனட்ல ஒட்டல, கதவுல ஒட்டுச்சு. "ஆக்சிடென்ட் வண்டியா?"ன்னு அண்ணன் முகம் செத்துப் போச்சு. இல்லண்ணே, கதவு கம்பெனிலயே இரும்புதான்.

இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. இரும்பு பாடில பட்டி போட்டிருந்தா காந்தம் காட்டிக் குடுத்துரும். அலுமினியத்துல காந்தம் எப்பவுமே ஒட்டாது, அதனால பட்டி இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. விலை கம்மியான கேஜ் சிலது இரும்பு மேல மட்டும்தான் வேலை செய்யும். அலுமினியத்தையும் அளக்குறதாக் கேட்டு வாங்குங்க.

போனட்ல 120, 130 மைக்ரான். கூரையும் அப்படியே. வலது பின்சக்கரத்துக்கு மேல வெச்சேன்: 900. வித்தவர், "லேசா ஒரு உரசல் சார்"ன்னார்.

பக்கத்து ஒர்க்ஷாப்ல லிஃப்ட்ல ஏத்தச் சொன்னோம். முதல்ல முடியாதுன்னார், அப்புறம் ஒத்துக்கிட்டார். மழைத் தண்ணி படுற இடத்த நான் பெருசாப் பாக்கல. மழை உப்பக் கழுவிரும். கழுவாத மடிப்புலதான் உப்பு தங்கும்: வீல் ஆர்ச் உள் ஓரம், ஜாக் வைக்குற இடம், ரப்பர் மூடிக்குப் பின்னால. வலது பக்க ரப்பர் மூடியக் கழட்டினதும் வெள்ளையா, விபூதி மாதிரி பொடி கொட்டுச்சு. அதுக்கு மேல கம்பெனி ரிவெட்டு வரிசை நடுவுல புதுசா ஆறு இரும்பு ஸ்க்ரூ, பூச்சு எதுவும் இல்லாம. ஒவ்வொண்ணச் சுத்தியும் பெயிண்ட் கொப்புளிச்சிருந்துச்சு. விரல வெச்சு அமுக்கினேன், உள்ள போச்சு.

வண்டி தயாரிச்சவங்க தப்பு இல்ல இது. அடி வாங்கினப்ப யாரோ கையில கெடச்ச ஸ்க்ரூவப் போட்டு முடிச்சிருக்காங்க. அலுமினியத்துக்குத் தனியா டூல் வெச்சு வேலை பாக்குற ஒர்க்ஷாப் ஒருத்தர்கிட்ட போட்டோ அனுப்பினேன். பிரிச்சுப் பாக்காம செலவு சொல்ல முடியாது, அந்த இடத்தையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம்னார்.

அண்ணன் ரொம்ப நேரம் ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். "பெயிண்ட் அடிச்சுட்டு ஓட்டுனா ஒரு ரெண்டு வருஷம் போவாதா மக்கா?"ன்னு கேட்டார். போகும்ண்ணே, ஆனா உங்க பிள்ளையப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுவீங்களான்னு கேட்டேன். பதில் சொல்லல. இறங்கிட்டார்.

அட்வான்ஸ்ல 25,000 திரும்பி வந்துச்சு. மீதி போச்சு. திரும்பி வரும்போது களியக்காவிளை தாண்டுற வரைக்கும் வண்டில யாரும் பேசல. மார்த்தாண்டத்துல டீ குடிக்க நிறுத்தினப்ப, "கோயம்புத்தூர்ல ஒண்ணு நிக்குதாம்டே, அங்க கடல் கெடையாதுல்லா?"ன்னார்.

அடுத்த சனிக்கிழமை போறோம். கேஜ இன்னும் திருப்பிக் குடுக்கல.